காதுக்குள் முதலில் அகவிய மயில்

அந்த மயில் ஒரு தடவைதான் அகவியது. எனக்கு இரண்டு தடவை கேட்டது.

முதலில் ஹெட்போனுக்குள் கேட்டது. நீளமாக இழுத்து, கடைசியில் கொஞ்சம் உடைந்த அகவல். ஆறிப்போன கடுங்காப்பியைக் குடிப்பதற்காக ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கியிருந்தேன். மனசுக்குள் ‘ஒன்று’ என்று எண்ணி முடிப்பதற்குள் அதே அகவல், அதே நீளம், அதே உடைசலோடு விலக்கிய காதுக்கு வந்து சேர்ந்தது. தென்மேற்கே, இன்னும் இருட்டாக நின்ற தென்னைகளுக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன்.  

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது கடலுக்கு அப்பால், பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒரு தீவின் வானொலி. அப்படித்தான் மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தத் தீவில் அகவும் மயில் கிணத்துக்கடவுத் தோப்பில் எப்படி அகவும்?

சென்ற வாரம் இந்தப் பத்தியில், டெலிபோன் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் தனியாக ராத்திரி வேலை பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, “உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டு. இந்த வாரம் அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இரைச்சல் வாங்குகிறவள்

தொலைவில் இருக்கும் மீடியம் வேவ் நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது எங்கள் பொழுதுபோக்கு. செல்போனில் விரலை வைத்தால் உலகமே பாடுகிற காலத்தில் இது என்ன பைத்தியம் என்று யாரும் கேட்கலாம். என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். “ஊருல எல்லாரும் காசு குடுத்துப் பாட்டு வாங்கறாங்க. இவ இரைச்சல் வாங்கறா” என்று வருகிற விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்தி வைப்பார்.

அவர் சொல்வது சரிதான். நாங்கள் வாங்குவது இரைச்சலைத்தான். அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ ஒரு மனிதக் குரல் கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கும்போது கிடைக்கிற சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பகலில் இந்த அலைகள் தரையோடு ஊர்ந்து கொஞ்ச தூரம்தான் போகும். இருட்டிவிட்டால் வானம் அவற்றைத் திருப்பி அனுப்பும். எங்கோ புறப்பட்டது எங்கோ வந்து இறங்கும். விடியற்காலையில் நமக்குப் பொழுது புலரும்போது மேற்கே இன்னும் இருட்டு. ஆகவே மேற்கத்திய நிலையங்கள் ஒரு அரைமணி நேரம் துல்லியமாகக் கேட்டு, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். மாலையில் கிழக்கே உள்ளவை. இது எங்கள் பாலபாடம்.

சிங்காநல்லூரில் என் வீட்டைச் சுற்றி நாலு லேத் பட்டறை. தெருவெல்லாம் எல்இடி விளக்கு, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். ஒவ்வொன்றும் ரேடியோவுக்குள் தன் பங்குக்கு ஒரு இரைச்சலைக் கொட்டும். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சிவத்தின் தோப்புக்குப் போவோம்.

சிவம் என்கிற நல்லசிவம் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னை விவசாயி. ஐம்பதைத் தாண்டியவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். எங்களில் மூன்றாவது ஆள் காதர் பாய், உக்கடத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நான் முதல்முதலாக அவர் கடைக்குத் தாமிரக் கம்பி வாங்கப் போனேன். “மோட்டார் கட்டறதுக்குங்களா?” என்று கேட்டார். ஏரியலுக்கு என்றேன். குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு ரேடியோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

தோப்பில் எங்கள் முறை இது. தென்னை மரம் தென்னை மரமாகக் கட்டி, தோட்டத்தின் நீளத்துக்குத் தென்மேற்கே ஒரு நீண்ட கம்பி. கிழக்கே இன்னொன்று. சாளை, அதாவது தோட்டத்து வீடு, அதன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஒரு பல்பு எரிந்தாலும் இரையும் என்பதால் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். மூன்று பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாணி மெழுகிய வாசலில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

இந்த முறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்த தப்பெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

எரிகிற விளக்கு

எக்ஸ்சேஞ்சில் நான் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் அம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எதிரே உள்ள பலகையில் ஒரு விளக்கு எரிந்தால், யாரோ ஒருத்தர் எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். “வெளக்கு எரியறப்ப டீ குடிக்கறவ இந்த வேலைக்கு வேண்டாம்” என்பார். எரிகிற விளக்கை நான் விட்டதில்லை. ரிட்டையர் ஆகிற அன்று மேடையில் அதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

இப்போது மீடியம் வேவில் எரிகிற விளக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு காலத்தில் ஊசி வைக்க இடமில்லாமல் நெரிந்துகொண்டிருந்தன நிலையங்கள். ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். ஒரு நிலையம் மூடுவதை நேரில் கேட்டிருக்கிறேன். பாஷை தெரியாது. அறிவிப்பாளர் ஏதோ சொல்லி முடித்தார். அதற்குப் பிறகும் மூன்று நான்கு நிமிஷம் டிரான்ஸ்மிட்டரை அணைக்கவில்லை. பேச்சில்லை, பாட்டில்லை, ஆனால் திறந்திருக்கிறது. இருட்டு அறையில் யாரோ நின்றுகொண்டு பேசாமல் நம்மையே பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகு டப் என்று போய்விட்டது. அன்றிலிருந்து காலியான அலைவரிசைகளைக் கடக்கும்போது என் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். யாரும் இல்லை என்று தெரிந்தும் நிற்பேன்.

சனிக்கிழமை விடியற்காலை

ஆவணி கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் அடங்கவில்லை. மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. நேரம் ஐந்தே முக்கால் இருக்கும்.

காதர் பாய் என் முழங்கையைத் தட்டினார். “அக்கா, ஆயிரத்து நானூத்தி ஒம்பதுல வாங்க. என்னமோ மூச்சு உடறாப்புல இருக்குது.”

போனேன். இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல். தமிழ்.

மேற்குக் கம்பியில், விடியற்காலையில் தமிழ்! மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நம்ம பக்கத்து ஸ்டேசனெல்லாம் ஒம்பதாம் வாய்ப்பாட்டுலதானுங்களே நிக்கும்? இது வாய்ப்பாட்டுலயே வரலீங்களே” என்றார் சிவம்.

“வரலைன்னாத்தான் தங்கம்” என்றேன். நம் பக்கத்து நிலையங்களின் எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அந்த வாய்ப்பாட்டை விட்டு நழுவி நிற்பது என்றால் ஏதோ ஏழைத் தீவில் பழைய டிரான்ஸ்மிட்டர் ஒன்று தள்ளாடிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் கணக்கு. குரல் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது. வானத்தில் பட்டு வருகிற அலை அப்படித்தான் வரும். கம்பியைக் காற்று ஆட்டினாலும் அப்படித்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

“ஏனுங்க… ஏனுங்க… காதுல உழுகுதுங்களா…”

பேச்சு குழைந்திருந்தது. சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்துபோனதுபோல இருந்தது.

“நம்மூருப் பேச்சாட்டவே இருக்குதுங்க!” என்றார் சிவம்.

காதர் பாய்க்குக் கண் மின்னியது. “இருக்காதா பின்ன? அந்தக் காலத்துல கரும்புத் தோட்டத்துக்குன்னு கப்பல் ஏத்திட்டுப் போனாங்கல்லங்க. பாட்டன் பூட்டன் பேச்சு அப்படியே நின்னுபோயிருக்குதுங்க்கா. அந்தத் தீவேதான்.” ஒரு தீவின் பேரைச் சொன்னார். இங்கே அது வேண்டாம்.

கேட்கக் கேட்க அது நாடகம் என்று முடிவு கட்டினோம். ஒரு மனைவி கோபித்துக்கொண்டு போன புருஷனைக் கூப்பிடுகிறாள். நேற்றுப் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறாள். அழுகிறாள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும். அதற்கப்புறம் ஒரு வசனம் துல்லியமாக வந்தது.

“கோவமா இருந்தா இருந்துக்குங்க. ஒரு வாய் தண்ணி மட்டும் குடுத்துப்போட்டுப் போயி கோவிச்சுக்குங்க.”

நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். “என்ன வசனம் பாருங்க்கா!” என்று தொடையில் தட்டினார் காதர் பாய்.

பின்னணியில் டெலிபோன் மணி அடித்தது. எட்டுத் தடவை அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் மணிச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். “இவ்வளவு நேரமா மணியடிக்க உடறது? கேக்கறவன் ரேடியோவ அணைச்சுப்போட மாட்டான்?” என்று நாடகம் போட்டவரைக் குறை சொன்னேன். ஒரு மயில்கூட அகவியது. ஸ்டூடியோவில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள் என்றார் சிவம்.

ஆறு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு, பேச்சின் நடுவே டக்கென்று எல்லாம் நின்றது. ‘நிலையம் மூடியது’ என்று நோட்டில் எழுதினேன். அது கிணத்துக்கடவுப் பக்கம் கரண்ட் போன நேரம். எங்கள் சாளையில் மெயினை அணைத்திருந்ததால் கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியாது.

அந்தத் தீவில் அப்போது விடியற்காலை நாலே கால், நாலரை. அந்த நேரத்தில் எவன் நாடகம் போடுவான் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். எங்களுக்குக் காதை மறைத்தது.

ஒரு வரிக்காக

இப்படி ஒரு நிலையத்தைப் பிடித்தால் அவர்களுக்கு ஒரு அறிக்கை எழுதுவோம். என்ன நேரம், எந்த அலைவரிசை, என்ன நிகழ்ச்சி, குரல் எப்படி இருந்தது என்பதற்கு ஐந்து இலக்கத்தில் ஒரு மதிப்பெண். அவர்கள் சரிபார்த்து, ‘ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பாடு. என் பீரோவில் சேலைகளைவிட அந்த அட்டைகளுக்கு இடம் அதிகம்.

சனிக்கிழமை காலையிலேயே அறிக்கையை அனுப்பிவிட்டேன். ‘தமிழ் நாடகம். பெண் குரல். டெலிபோன் மணி. மயில்.’ குரலுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். பதிவு செய்ததில் ஒரு துண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

பிறகு சிவத்தின் சம்சாரம் கொடுத்தனுப்பிய அரிசிம்பருப்புச் சாதத்தை நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். மாலையில் கிழக்குக் கம்பிக்கு மாறிக்கொண்டோம். மேற்கு நிலையம் சாயங்காலம் கேட்காது என்பது பாலபாடம் அல்லவா? பாடம் படித்தவர்கள் நாங்கள். 1409 பக்கம் யாரும் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் விடியற்காலை ஆவலோடு அதே இடத்தில் காத்திருந்தோம். திறந்துதான் இருந்தது. ஆனால் பேச்சு இல்லை. மூச்சு இருந்தது. கரகரவென்று, இடைவெளி விட்டு விட்டு வந்தது.

நாடகம் ஒன்றும் இல்லையே என்று காதர் பாய் அலுத்துக்கொண்டார்.  எனக்கு, முன்பு ஒரு நிலையம் மூடியபோது கேட்ட அந்த நாலு நிமிஷம் ஞாபகம் வந்தது. அங்கே யாரோ இருக்கிறார்கள். பேசவில்லை. இருக்கிறார்கள்.

அப்போதுதான் காப்பிக்காக ஒரு காதை விலக்கினேன். மயில் அகவியது. முதலில் ஹெட்போனில். ‘ஒன்று’. பிறகு தோப்பில்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வார்களே, அதே கணக்குதான். ரேடியோ உடனே வரும். சத்தம் நடந்துதான் வரும். ஒரு எண்ணிக்கை என்றால் ஒரு கூப்பிடு தூரம். அவ்வளவுதான். மயில் இருக்கிற இடத்தில் மைக் இருக்கிறது. மைக் இருக்கிற இடத்தில் அந்த அம்மா இருக்கிறாள்.

“சிவம்,” என்றேன்.  “உங்க தோட்டத்துக்குத் தென்மேற்கால யாரு இருக்காங்க?”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். முகம் சுருங்கியது. “வேலுச்சாமிங்க. பேச்சுவார்த்தை இல்லீங்க்கா. வண்டித்தடத் தகராறு. அஞ்சு வருசமாச்சுங்க.”

“ஊட்டுல வேற யாரு?”

“அவரும் அந்தம்மாளுந்தானுங்க. மகளை ஈரோட்டுல கட்டிக் குடுத்திருக்காங்க. அந்தம்மாளுக்குக் கை கால் வரலீன்னு பால்காரரு சொன்னாருங்க. நான்… போயிப் பாக்கலீங்க.”

“எந்திரிங்க.”

“அந்தத் தடத்துல நாங்க கால் வெக்கறதில்லீங்க்கா.”

“அப்ப நான் வெக்கறேன்” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். கம்பிவேலிக்கு வந்தபோது பின்னால் இரண்டு பேரின் காலடிச் சத்தம் கேட்டது. சிவம் முன்னால் வந்து, கீழ்க்கம்பியை மிதித்து மேல்கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

தரையிலிருந்து வந்த குரல்

அந்தப் பக்கம் தோப்பில் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. ஐம்பது அறுபது அடி நடந்திருப்போம். எனக்கு மறுபடியும் அந்த மூச்சு கேட்டது. கரகரவென்று, இடைவெளி விட்டு விட்டு.

ஹெட்போன் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் என் கையில் இருந்தது. எதிலும் சொருகியிருக்கவில்லை.

காதர் பாய் நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டிருக்கிறது. “யா அல்லா” என்று சொன்னார், மெல்ல.

சத்தம் தரையிலிருந்து வந்தது. நாலைந்து மரம் தள்ளி, சொட்டுநீர் வால்வு வைத்திருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வேலுச்சாமி மல்லாந்து கிடந்தார். ஒரு கால் கிடக்கக்கூடாத மாதிரி திரும்பிக் கிடந்தது. வலது கையில் ஒரு பாக்கெட் ரேடியோவைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதற்குள்ளிருந்துதான் மூச்சு வந்தது. அவரிடம் மூச்சு இல்லை.

நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ரேடியோ, அவர் காதுக்குள், “ஏனுங்க” என்றது.

அதன் பிறகு எல்லோரும் அவர் வீட்டை நோக்கி ஓடினோம்.

பழனாத்தாள், அதுதான் அந்த அம்மாவின் பேர், கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் போய், பேச்சும் குழறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் ஒரு மரப்பெட்டி, அதில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதை நான் இன்னொரு தடவை எழுத விரும்புகிறேன். என் எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வேலுச்சாமி ஒரு காலத்தில் மோட்டாருக்குத் தாமிரக் காயில் கட்டுகிற வேலை செய்தவராம். சம்சாரத்துக்கு ஃபோனைப் பிடிக்கக் கை வராது. தோப்புக்குள் டவரும் சரியாகக் கிடைக்காது. அதனால் வீட்டுக் கரண்டில் ஓடுகிற ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைத் தானே செய்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டார். அது எந்நேரமும் திறந்திருக்கும். இவர் பாக்கெட் ரேடியோவோடு மரத்துக்குத் தண்ணீர் விடப் போவார். அந்த அம்மா இருமினால் அவருக்குக் கேட்கும். ஒரு வழிதான். இவர் பேசினால் அங்கே கேட்காது. லைசென்ஸ் இல்லாமல் இப்படிச் செய்வது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அதைவிட அன்பான ஒரு ரேடியோ நிலையத்தை நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை விடியற்காலை பம்ப்செட்டுக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் வால்வைத் திருப்பப் போனவர், தொட்டியில் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். உடலைப் பார்த்த டாக்டர் சிவத்திடம் சொன்னாராம்: “சனிக்கிழமை உச்சி வரைக்கும் உசுரு இருந்திருக்குமுங்க. கத்தியிருப்பாரு. யாருக்கும் கேக்கலீங்களா?”

அவர் விழுந்த இடத்துக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்த வாசலுக்கும் நடுவே நாற்பது தென்னை மரம்கூட இருக்காது. சிவம் பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் காதை மூடிக்கொண்டு தூரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மெலிந்த குரல் என்றால் தூரத்துக் குரல். எங்களை மாதிரி ஆட்களுக்கு மட்டும் வருகிற தப்பு இது. வேறு யாராக இருந்தாலும், “யாரோ தண்ணி கேக்கறாங்க” என்று எழுந்து போயிருப்பார்கள்.

அட்டை

பழனாத்தாள் பிழைத்துக்கொண்டார். ஈரோட்டு மகள் தினமும் விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் ஃபோன் செய்வாளாம். சனிக்கிழமை எட்டுத் தடவை அடித்து ஓய்ந்த மணி அவள் செய்த ஃபோன்தான். அப்பா தோப்புக்குள் இருப்பார் என்று நினைத்திருக்கிறாள். ராத்திரியும் எடுக்கவில்லை என்றதும், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைத் தன்னோடு ஈரோட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சிவம் தன் பக்கத்து வேலியைப் பிரித்துவிட்டார். இப்போது வேலுச்சாமியின் மரங்களுக்கும் அவர்தான் தண்ணீர் விடுகிறார். காதர் பாய் ரேடியோவைத் தொடுவதில்லை.

மயிலை வைத்துக் கண்டுபிடித்ததாக எல்லோரிடமும் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னோம். சனிக்கிழமையைப் பற்றி மூவரும் வாயைத் திறக்கவில்லை. இப்படிப் பேசிக்கொள்ளவும் இல்லை. தானாகவே அமைந்துவிட்டது.

ஆறேழு வாரம் போயிருக்கும். தபாலில் ஒரு அட்டை வந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், ஒரே ஒரு தென்னை. பின்பக்கம் அழகான கையெழுத்து, முத்திரை. நான் எழுதிய நேரம், அலைவரிசை எல்லாம் அப்படியே. ‘ஆமாம், நீங்கள் கேட்டது எங்கள் தமிழ் நாடகத்தைத்தான்’ என்று எழுதி, நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர், இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாளே, சந்தோஷப்படட்டும் என்று சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அந்த அம்மா செத்துப்போயிருந்தால் இதுதான் மிச்சம். அவள் கூப்பிட்டது நாடகம் என்று முத்திரை குத்தி, என் பீரோவில், சேலைகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

மறுநாள் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். அட்டை கைப்பையில் இருந்தது.

ஈரோடு

மகளின் வீடு மஞ்சள் மண்டிக்குப் பக்கத்துச் சந்து. காற்றே மஞ்சளாக மணத்தது. பழனாத்தாள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “வாங்க அம்மணி” என்றார். பேச்சு தேறியிருந்தது.  எனக்கு அந்தக் குரல் இன்னும் 1409-தான்.

கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு. மழை, தேங்காய், சிவத்தின் உதவி. பிறகு அவரே ஆரம்பித்தார்.

“முந்தின ராத்திரி சண்டைங்க. ‘புள்ளை ஊட்டுக்குப் போலாம்’னு நானு. ‘மரத்துக்கு யாரு தண்ணி உடறது’ன்னு அவிக. கோவத்துல, ‘அந்த மரத்தோடயே போயிச் சேருங்க’ன்னு சொல்லிப்போட்டேன் அம்மணி. வெடியால முழிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். கோவிச்சுட்டு வேணும்னே வரலீன்னுதான் நெனச்சேன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டேனுங்க அந்தப் பொட்டிகிட்ட. மனசுல வெச்சுக்காதீங்கன்னு.”

நான் கட்டில் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அவிக காதுல ரேடியோவை வெச்சிருந்தாங்கன்னு சிவம் தம்பி சொன்னாரு. ஆனா அந்தப் பொட்டி பாதி நாளு இரையுமுங்க. ‘நீ பேசறது ஒண்ணும் வெளங்கறதில்லை’ம்பாங்க.” என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “நீங்க ரேடியோ தெரிஞ்சவிக. நான் சொன்னது அவிகளுக்கு வெளங்கியிருக்குமுங்களா?”

அவருக்கு இந்த உலகத்தில் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வெளங்கியிருக்கும் என்று பொதுவாகச் சொல்லி எழுந்து வந்திருக்கலாம். ஆறுதல் சொல்லும் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் நம்பியிருக்க மாட்டார். நிச்சயமாகச் சொல்லக்கூடியது அதைக் கேட்ட ஒரு ஆள்தான்.

“வெளங்குச்சுங்க” என்றேன். “ஒரு வார்த்தை உடாம வெளங்குச்சு. ‘கோவமா இருந்தா இருந்துக்குங்க. ஒரு வாய் தண்ணி மட்டும் குடுத்துப்போட்டுப் போயி கோவிச்சுக்குங்க’ன்னு சொன்னீங்க.”

என் கைமேல் இருந்த கை அசையவில்லை. வாசலில் நின்ற மகள்தான் நிமிர்ந்தாள்.

“அது சனிக்கிழமை சொன்னதுங்க” என்றார் பழனாத்தாள், மெதுவாக. “ஞாயித்துக்கெழமை எனக்கு ‘ஏனுங்க’ன்னதுக்கு மேல பேச்சே வரலீங்களே.”

“ஆமாங்க. சனிக்கிழமை வெடியால. நாங்க கேட்டோம். கடலுக்கு அந்தாண்ட யாரோ நாடகம் போடறாங்கன்னு நெனச்சுட்டோமுங்க.”

சொல்லிவிட்டேன். அட்டையை எடுத்துக் காட்டவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. ஒரு லாரி சந்தில் பின்னோக்கி வந்து, நின்று, போனது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார், அழுவார், எழுந்து போ என்பார் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது.

“அப்ப அவிகளுக்குக் கேட்டிருக்கும்” என்றார்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலைப் பார்த்தபடியே மகளிடம் சொன்னார்:

“வெயில்ல வந்திருக்கறாங்க பாரு. அவிகளுக்கு ஒரு வாய் தண்ணி குடு கண்ணு.”

மகள் சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.